ஒரே நாளில் திறந்த இரண்டு மணிக்கூடுகள்

நீங்கள் பதினொரு பேர் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பழைய கைக்கடிகாரங்களைத் தேடிப் பிடிக்கிறீர்கள், சேர்ப்பவர்களுக்கு மதிப்பிட்டுக் கொடுக்கிறீர்கள், சந்தேகம் வந்தால் எனக்குத் தொலைபேசியில் படம் அனுப்புகிறீர்கள். போன மாதம் வந்த படங்கள் நாற்பத்து மூன்று. அவற்றில் முப்பத்தெட்டுக்கு ஒரே கேள்விதான்: இது முழுதும் அசலா, மாற்றிப் பூட்டியதா? மாற்றிப் பூட்டியதென்றால் யார் மாற்றியது, ஏன் மாறியது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். படித்து முடிக்கும்போது உங்களுக்குத் தெளிவு வருமா என்று தெரியவில்லை. எனக்கு இன்னும் வரவில்லை.

நான் சொல்லப்போகும் மணிக்கூடுகளைச் செய்த கம்பெனியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் படிப்பதை விட்டுவிட்டு அதன் விலையைத் தேடுவீர்கள். சாவி கொடுத்து ஓடும் சுவிஸ் மணிக்கூடுகள், தங்கக் கூடு, வெள்ளை முகப்பு. அந்தக் கம்பெனி கூட்டில் ஓர் இலக்கமும் உள்ளிருக்கும் மெஷினில் இன்னோர் இலக்கமும் பொறிக்கும். இந்தக் கூட்டோடு இந்த மெஷின் போனது என்று அவர்களிடம் பதிவு இருக்கும். எழுதிக் கேட்டால் ஒரு தாளில் தருவார்கள். அந்தத் தாள் இல்லாத காலத்தில் தொழில் செய்தவன் நான். தாள் வந்த காலத்தில் மாட்டிக்கொண்டேன்.

போன ஆனி மாதம் ரமணன் என்பவர் கரம்பொனில் என் வீட்டுக்கு வந்தார். ரொறன்ரோவில் இருப்பவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். அவரிடம் பத்தொன்பது பழைய கைக்கடிகாரங்கள் இருந்தன. பதினெட்டை அவரே தேடி வாங்கியிருந்தார். ஒன்று இறந்துபோன தகப்பனுடையது. அந்த ஒன்றைத்தான் கொண்டுவந்திருந்தார்.

அவருடைய பேரனார், அதாவது தகப்பனின் தகப்பன், புளியங்கூடலைச் சேர்ந்தவர், தெற்கே மாத்தறையில் கடை வைத்திருந்தவர். மகனுக்கும் மகளுக்கும் ஒரே பந்தலில் கலியாணம் செய்துவைத்தபோது, மகன் நடராசாவுக்கு ஒன்று, மகளைக் கட்டிய சரவணமுத்துவுக்கு ஒன்று என்று ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரியான இரண்டு மணிக்கூடுகளை வாங்கினார். கூடக் குறைய என்று கலியாண வீட்டில் ஒரு கதை வரக்கூடாதல்லவா? அடையாளத்துக்கு ஒன்றின் பின்மூடியில் ‘ந’, மற்றதில் ‘ச’ என்று வெட்டுவித்தார். நடராசாதான் ரமணனின் தகப்பன். சரவணமுத்துவைக் கட்டிய தனலட்சுமி ரமணனுக்கு மாமி.

“அப்பான்ரை மணிக்கூடு கனடாவுக்கு வந்து நாலு வருசத்திலை நிக்கத் தொடங்கிச்சுது ஐயா,” என்றார் ரமணன். “ஆறு பேரிட்டைக் காட்டினவர். ஆறு பேரும் ஒண்டைத்தான் சொன்னவங்கள். மெஷின் உப்புத் தண்ணி குடிச்சிருக்கு எண்டு.”

“அப்பா கடலிலை விழுந்தவரோ?”

“அவர் கடற்கரைக்கே போறேல்லை. விழுந்தது மாமா. குறிகட்டுவானிலை வள்ளம் ஏறேக்கை ஆரோ ஒரு கிழவிக்குக் கை குடுக்கப் போய், மணிக்கூட்டோடை இடுப்பளவு தண்ணியிலை நிண்டவர். எங்கடை குடும்பத்திலை எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.”

பிறகு கம்பெனித் தாளை விரித்தார். ‘ந’ என்று வெட்டிய கூட்டுக்குள் இருக்கவேண்டிய மெஷினின் இலக்கம் நாற்பத்து நான்கில் முடிகிறது என்றது தாள். கனடாவில் திறந்தபோது உள்ளே கண்டது பதினேழில் முடிந்ததாம். மாமாவின் மணிக்கூட்டைத் திறந்து அதில் நாற்பத்து நான்கு இருந்தால், மாமா தன் பழுதான மெஷினை மைத்துனனின் தலையில் கட்டிவிட்டார் என்றுதானே பொருள்? ரமணன் அப்படித்தான் கேட்டார். திறந்து பார்க்க ஒரு நடுநிலையான ஆள் வேண்டும் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

“நான் சண்டைக்கு வரேல்லை ஐயா. ஆனால் மாமாதான் எடுத்தவர் எண்டால், இனி அந்த வீட்டுப் பக்கம் தலை வைக்க மாட்டன். அப்பா அதை நினைச்சு நினைச்சுத்தான் செத்தவர்.”

தனலட்சுமிக்குப் பிள்ளைகள் இல்லை. கணவன் போய் எட்டு வருடம். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் ‘மாமி, சாப்பிட்டியளோ’ என்று கேட்க அவருக்கு இருந்தது இந்த ஒருவர்தான். இதையும் ரமணனே சொன்னார்.

எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பதினான்கு வருடம் கடை வைத்திருந்தேன். உப்புத் தண்ணீர் குடித்த மணிக்கூடுகள் எனக்கு மாதம் ஆறேழு வரும். யார் யாருடையது என்று எழுதிய ஏழு கொப்பிகளும் இடம்பெயர்ந்தபோது போய்விட்டன. அவை இருந்திருந்தாலும் உதவியிருக்காது. ஆளின் பெயரை எழுதினேனே தவிர, மெஷினின் இலக்கத்தை எழுதவில்லை. நீங்கள் எழுதுங்கள். முதல் திருகாணியைத் தொடுமுன் இரண்டு இலக்கங்களையும் எழுதுங்கள்.

அடுத்த நாள் காலை ஒன்பதரைக்குப் புளியங்கூடலுக்குப் போனோம். தனலட்சுமி எங்களை மண்டபத்துக் கதிரைகளில் இருத்தினார். மெலிந்த பெண், எழுபதைத் தாண்டியவர். மருமகன் எதற்கு வந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். அலுமாரியைத் திறந்து கைலேஞ்சியில் சுற்றிய மணிக்கூட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“பாக்கிறதெண்டால் பாருங்கோ அண்ணை. நான் திறந்து பாத்ததில்லை.”

“மாமி, கோவமோ?” என்றார் ரமணன்.

“எனக்கென்ன கோவம்? நீ பாக்க வந்தனி. பார்.”

சாவி கொடுத்தேன். ஓடியது. முகப்பில் ஒரு புள்ளி கிடையாது. வாரில் கட்டிய சுருக்கம் அதிகமில்லை. எட்டு வருடத்துக்கு முன்வரை நாளும் கட்டிய மணிக்கூட்டுக்கு அது பொருந்தாது என்று மனதில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு யோசித்திருக்கவேண்டும். இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பதற்றத்தில் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு கத்தியைப் பின்மூடியின் இடுக்கில் வைத்துத் திருப்பினேன்.

மூடி கிளம்பிய கணத்தில், கத்திக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சிவப்பைக் கண்டேன். மிளகில் கால்வாசி அளவு. அது இரண்டாகப் பிளந்து ஒரு துகள் மேசையில் விழுந்தது.

அது என் அடையாளம். கடை வைத்திருந்த காலத்தில், மூடியைப் பூட்டிய பிறகு மூடியும் கூடும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன். வேறு எவராவது திறந்தால் புள்ளி உடையும். உடைந்த புள்ளியோடு வந்து ‘நீர் செய்த வேலை சரியில்லை’ என்று சொல்பவரிடம் அதைக் காட்டுவேன். ஒரு போத்தல் இரண்டு வருடம் வரும்.

புள்ளி உடையாமல் இருந்ததென்றால், நான் பூட்டிய பிறகு இந்த மணிக்கூட்டை ஒருவரும் திறக்கவில்லை. ஆனால் அதை நான்தான் இப்போது உடைத்துவிட்டேன். கண்டது நான் ஒருவன்தான். கண்டேனா? முழுதாக இருந்ததை என் கத்தி பிளந்ததா, முன்பே பிளந்திருந்த புள்ளி அப்போது உதிர்ந்ததா? ஒரு கண்ணால், ஒரு கணம்.

ரமணன் எட்டிப் பார்த்தார். மெஷினின் இலக்கம் பூதக்கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. நாற்பத்து நான்கு.

“பாத்தியளோ மாமி?” அவருடைய குரல் உயரவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. “அப்பான்ரை மெஷின். இவ்வளவு காலமும் இந்த அலுமாரிக்குள்ளை.”

தனலட்சுமி மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு தேத்தண்ணி கேட்டேன். இதையும் ஒரு தொழில்முறையாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு நடுவில் மணிக்கூடு திறந்து கிடக்கும்போது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல் தீர்ப்பாகிவிடும். தேத்தண்ணி கேட்டவனை ஒருவரும் தீர்ப்புக் கேட்க மாட்டார்கள். தனலட்சுமி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். நான் கை கழுவுவதாகச் சொல்லிக் கிணற்றடிக்குப் போனேன்.

கிணற்றடியில்தான் அந்த நாள் நினைவுக்கு வந்தது. வந்ததா, நானே சேர்த்துக்கொண்டேனா என்பதையும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேர் ஒன்றாகக் கடைக்கு வந்தார்கள். ஒருவர் வெளிநாடு போகிறவர், பயணத்துக்கு முன் சுத்தம் செய்து தரச்சொன்னார். மற்றவருடையது கடலில் நனைந்தது. நான் இரண்டையும் ஒரே நாளில் திறந்தேன். கழுவிப் பூட்டிய மெஷின்களை இரண்டு பீரிசுகளில், கோப்பைக்கு அடியில் வைக்கும் தட்டுகளில், வைத்து, மேலே கண்ணாடிக் கிளாசைக் கவிழ்த்தேன். இடப்பக்கம் வெளிநாடு போகிறவருடையது, வலப்பக்கம் நனைந்தது. உப்பை அவ்வளவு சுத்தமாக எடுத்திருந்தேன், இரண்டும் ஒன்றுபோல மினுங்கின. திருகாணிகளை எண்ணினேன். ஒன்றில் பதினேழு, மற்றதில் பதினேழு, ஆக முப்பத்து நான்கு. ஒன்றும் குறையவில்லை. மனம் நிறைந்து சாப்பிடப் போனேன்.

மத்தியானத்துக்குப் பிறகு அந்தக் கடைக்குள் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். வழக்கமாகக் கதிரையைத் தூக்கி மேசையின் மறுபக்கத்தில் போட்டு உட்காருவேன். பீரிசுகளைத் தொட மாட்டேன். ஆனால் நான் மறுபக்கம் போனால் எனக்கு இடப்பக்கம் வலப்பக்கமாகிவிடும்.

எண்ணிக்கை சரியாக வந்தால் ஒன்றும் தொலையவில்லை என்று மட்டுமே தெரியும். எது யாருடையது என்பதை எண்ணிக்கை சொல்லாது. எண்ணுகிற பழக்கமே இல்லாத ஒருவன் அன்று இன்னொருமுறை உற்றுப் பார்த்திருப்பான். எண்ணி முடித்த நான் பார்க்கவில்லை.

உள்ளே வந்தேன். தேத்தண்ணி மேசையில் இருந்தது. குடிக்காமலே சொன்னேன்: “தம்பி, மாத்தினது மாமா இல்லை. நான்.”

சிவப்புப் புள்ளியையும் பீரிசுகளையும் கதிரையையும் சொன்னேன். ரமணன் முழுவதையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கூடியிருந்தது. நம்பிக்கை கூடவில்லை.

“ஐயா, நீங்கள் நல்ல மனுசன். மாமிக்காகச் சொல்லுறியள்.”

“மாமியை எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்.”

“நேற்று உங்கடை வீட்டிலை இவ்வளவு கதை சொன்னனான். அப்ப ஒண்டும் ஞாபகம் வரேல்லை. இப்ப கிணற்றடிக்குப் போன உடனை முப்பத்தாறு வருசத்துக்கு முந்தினது வந்திட்டுதோ?”

“வந்தது.”

“ஸ்குரூவை எல்லாம் எண்ணினியள். மெஷினை எண்ணேல்லையோ?”

“எண்ணினனான். இரண்டு. இரண்டும் இருந்தது.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்திருக்கவேண்டும். விழுந்த சிவப்புத் துகளை மேசையில் தேடிக் காட்டினேன். அவர் விரல் நுனியில் ஒற்றிப் பார்த்தார். மூடியின் உள்ளே நான் கீறியிருந்த சிறிய குறியையும் காட்டினேன். திருத்துபவர்கள் அப்படிக் கீறிவைப்பது உண்டு. ரமணனின் மணிக்கூட்டையும் அப்போதுதான் திறந்தேன்: அதன் மூடியில் என் குறியோடு இன்னும் ஆறு இருந்தன, மாமியுடையதில் என்னுடையது ஒன்றுதான். வேறு எவரும் அதைத் திறக்கவில்லை என்றேன்.

“களவா மாத்துறவன் கீறி வைப்பானோ ஐயா?” என்றார் ரமணன்.

அவர் சொன்னது சரி. நாற்பது வருடம் மற்றவர்களின் பொருள்களைப் பற்றி நான் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். என்னைப் பற்றி முதல்முறையாக ஒன்று சொன்னேன், எடுபடவில்லை.

அப்போதுதான் தனலட்சுமி பேசினார். என்னைப் பார்த்துத்தான் பேசினார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“நல்லாச் சொல்லுங்கோ அண்ணை. அவர் எடுக்கேல்லையோ?”

“இல்லைத் தங்கச்சி.”

“என்ரை அண்ணா, இவன்ரை அப்பா, கடிதம் போட்டவர். ‘அத்தானிட்டை ஒருக்கால் கேள்’ எண்டு எழுதியிருந்தவர். அண்ணா கனடா போய் நாலாம் வருசம். நான் சோறு போடேக்கை கேட்டனான். ‘அண்ணாவின்ரை மணிக்கூட்டிலை கை வைச்சனீங்களோ’ எண்டு. மனிசன் ஒண்டும் சொல்லேல்லை. கையைக் கழுவிப்போட்டு எழும்பிப் போனார். அடுத்த நாள் மணிக்கூட்டைக் கழட்டி அலுமாரியிலை வைச்சார். சாகும்வரைக்கும் கட்டேல்லை.”

“மாமி…” என்றார் ரமணன்.

“நீ சும்மா இரு மோனை. கட்டாமல் விட்டதாலைதான் நான் நம்பினனான். எடுத்தவர், அதாலைதான் கட்ட வெக்கப்படுறார் எண்டு. அதுக்குப் பிறகு ஒரு நாளும் கேக்கேல்லை. ஒரு வீட்டிலைதான் இருந்தம், ஒரு பானையிலைதான் சாப்பிட்டம். நான் அவரைக் கள்ளன் எண்டு நினைச்சுக்கொண்டுதான் சோறு போட்டனான்.” என் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு ஒரு மத்தியானம் அண்ணை. எனக்கு இருபத்து நாலு வருசம்.”

முப்பத்தாறில் நாலும் எட்டும் கழிய இருபத்து நாலு. கணக்குச் சரிதான். அந்த நேரத்திலும் நான் அதைக் கணக்குப் பார்த்தேன், அதற்காக வெட்கப்படுகிறேன்.

ரமணன் இரண்டு மணிக்கூடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு, ஏதாவது செய்யவேண்டும் என்ற பரபரப்பில், “ஐயா, இரண்டு மெஷினையும் திருப்பி மாத்திப் பூட்ட ஏலுமோ? இலக்கம் எல்லாம் சரியா வந்திடும்,” என்றார். என்னால் முடியும், இருபது நிமிட வேலை.

“என்னத்தைச் சரியாக்கப் போறாய்?” என்றார் தனலட்சுமி. “அவர் கட்டாமல் கிடந்தது இதுதான். இப்பிடியே மூடுங்கோ அண்ணை. மூடிப்போட்டு எனக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ.”

பையில் என் மதிப்பீட்டுத் தாள்கள் இருந்தன. தலைப்பில் என் பெயர், தொழில் செய்த வருடங்கள். பொருளின் விவரம், இலக்கங்கள், நிலை என்று ஒழுங்காக எழுதினேன். மெஷின்கள் மாறியது எனது கடையில், எனது கவனக்குறைவால் என்று எழுதினேன். உரிமையாளரின் கணவருக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை என்று எழுதினேன். கடைசியில், எந்த மதிப்பீட்டிலும் எழுதுவதுபோல, ‘எனது அறிவுக்கு எட்டியவரை’ என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

தனலட்சுமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொல் சொல்லாக வாசித்தார்.

“கணவர் எண்டு கிடக்குது. அவரின்ரை பேரைப் போடுங்கோ. முழுப் பேர்.”

போட்டேன்.

“இந்த அறிவுக்கு எட்டினவரை எண்டதை வெட்டுங்கோ.”

“எல்லாக் கடிதத்திலையும் அது இருக்கும் தங்கச்சி. அது ஒரு வழமை.”

“நீங்கள் கண்டனீங்கள்தானே? உங்கடை சிவப்பு, உடையாமல் இருந்தது. கண்டனீங்களோ, இல்லையோ?”

நான் கண்டது ஒரு சிவப்பு, ஒரு கணம். அந்த நிற நகப்பூச்சு யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையிலும் கிடைத்தது. சரவணமுத்து எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை கடைக்கு வந்தவர், அவருடைய முகமும் நினைவில் இல்லை. அன்று மத்தியானம் கதிரையை மாற்றிப் போட்டேனா என்று சத்தியம் செய்யச் சொன்னால் என் வாய் தடுக்கும். எல்லா நாளும் போட்டேன், அன்றும் போட்டிருப்பேன் என்பது மட்டுமே எனக்குத் தெரியும்.

“கண்டனான்,” என்று சொல்லி அந்தச் சொற்களின்மேல் ஒரு கோடு போட்டேன். அவர் தாளை வாங்கவில்லை. இன்னொரு கோடு போட்டேன். வாசிக்க முடியாதபடி ஆன பிறகுதான் கையை நீட்டினார்.

ரமணன் குறுக்கே கையை நீட்டி என் பேனையை வாங்கினார். “சாட்சிக்கு ஒராள் வேணும்,” என்று சொல்லி என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். நான் சொன்னதை நம்பி எழுதினாரா, மாமியின் முகத்தைப் பார்த்து எழுதினாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அந்த இரண்டு மணிக்கூடுகளில் ஒன்று எப்போதாவது உங்கள் மேசைக்கு வரலாம். ‘இலக்கங்கள் பொருந்தவில்லை’ என்று எழுதுங்கள், அது உண்மை. யார் மாற்றியது என்று உரிமையாளர் கேட்டால், முதலில் எங்களைப் போன்ற திருத்துபவர்களைச் சந்தேகியுங்கள், குடும்பத்தைக் கடைசியில் சந்தேகியுங்கள். கத்தி வைக்குமுன் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். இவற்றை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியிருக்கலாமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் கையால் இதுவரை ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு மதிப்பீடுகள் எழுதியிருக்கிறேன். ஆயிரத்து அறுநூற்றுப் பதினொன்றில் ‘எனது அறிவுக்கு எட்டியவரை’ என்று இருக்கிறது, அவற்றில் பெரும்பாலானவற்றில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அந்தச் சொற்கள் இல்லாதது இது ஒன்றுதான்.